வௌவால் வரும் படங்களும் எங்கள் இலுப்பைத் தோப்பும்

சென்ற மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த என் தம்பியின் பிள்ளைகள் இருவரும், வந்த முதல் நாள் அந்தியிலேயே மொட்டை மாடியிலிருந்து அலறிக்கொண்டு கீழே ஓடி வந்தார்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு ஆறு. அவர்கள் கண்டது வேறொன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்குத் தெற்கே, பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் நிற்கும் இலுப்பை மரங்களிலிருந்து நாள்தோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் புறப்படும் பழந்தின்னி வௌவால்களைத்தான் கண்டிருக்கிறார்கள். சிறகை விரித்தால் நான்கு அடிக்கு மேல் அகலம் வரும் அந்தப் பெரிய உயிர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் தலைக்கு மேலே நீந்திப் போவதை முதல் முறை பார்க்கும் நகரத்துப் பிள்ளைகளுக்கு உடல் நடுங்குவது இயல்புதான். ஆனால் இளையவன் சொன்ன காரணம் என்னை யோசிக்க வைத்தது. "ரத்தம் குடிக்கும் அத்தை, படத்துல பார்த்திருக்கேன்" என்றான்.

எந்தப் படம் என்று கேட்டதற்கு அவனுக்குப் பெயர் தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. நம் பேய்ப் படங்களில் பூட்டிக் கிடக்கும் பங்களாவின் கதவைத் திறந்தவுடன் கிறீச்சென்ற ஒலியோடு ஒரு கூட்டம் வௌவால் படக்கருவியை நோக்கிப் பாய்வது கட்டாயச் சடங்கு போல ஆகிவிட்டது. பயம் சினிமாவிலிருந்து வந்ததென்றால் அதைப் போக்கும் மருந்தையும் சினிமாவிலேயே தேடிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இருந்த பத்து நாட்களில் பகல் வெயிலுக்கு எப்படியும் பிள்ளைகளை வெளியே விட முடியாது. ஆகையால் வௌவால் வரும் படங்களாக, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கவையாகத் தேடி எடுத்து, மதியம் ஒன்று என்று போட்டுக் காட்டினேன். எல்லாம் ஆங்கிலப் படங்கள். நான் நடுநடுவே நிறுத்தித் தமிழில் கதை சொன்னேன். அந்த அனுபவத்தில் எந்தப் படம் பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தேர்வே தவறாகப் போயிற்று. டிஸ்னி நிறுவனம் 1986-இல் வெளியிட்ட 'தி கிரேட் மவுஸ் டிடெக்டிவ்' படத்தை நான் துப்பறியும் எலியின் கதை என்ற அளவிலேயே நினைவில் வைத்திருந்தேன். அதில் ஃபிட்ஜெட் என்றொரு வௌவால் வருகிறது. ஒரு கால் மரக்கால், ஒரு சிறகு ஊனம், பறக்க இயலாது, வில்லனுடைய அடியாள். படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பொம்மை செய்யும் எலியைக் கடத்துவதற்காகச் சன்னலில் அந்த முகம் திடீரென்று தோன்றும் காட்சியில் இளையவன் என் மடியில் வந்து விழுந்தான். பேய்ப் படத்துக் கதவை நான் சன்னலாக மாற்றிக் கொடுத்ததுதான் மிச்சம். கடைசியில் வான்கலத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று எசமானனே அந்த நொண்டி வௌவாலைத் தேம்ஸ் ஆற்றில் தூக்கி எறிகிறான். பறக்கத் தெரியாத வௌவாலை வானத்திலிருந்து எறிவதைச் சிரிப்புக் காட்சியாக எடுத்திருக்கிறார்கள் என்பதை மூத்தவள்தான் முதலில் கவனித்தாள். அவள் சிரிக்கவில்லை. மற்றபடி பிக் பென் கடிகாரத்தின் பற்சக்கரங்களுக்கு நடுவே நடக்கும் கடைசிச் சண்டை இன்றைக்கும் பார்க்க நன்றாக இருக்கிறது. கணினி வரைகலையை ஓவியத்தோடு சேர்த்துப் பார்த்த தொடக்க கால முயற்சிகளில் அதுவும் ஒன்று. வௌவால் பயம் உள்ள ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இதை முதலில் காட்டாதீர்கள்.

இரண்டாம் நாள் 'அனஸ்தேசியா'. டான் புளூத்தும் கேரி கோல்ட்மனும் இயக்கி 1997-இல் வெளிவந்தது. ருஷ்ய அரச குடும்பத்தின் மகள் தப்பிப் பிழைத்ததாகக் கதை. உண்மையில் அந்தப் பெண் 1918 ஜூலையில் பெற்றோர், உடன்பிறந்தோர் அனைவரோடும் சுட்டுக் கொல்லப்பட்டாள் என்பதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. வளர்ந்தபின் தாமே தெரிந்துகொள்ளட்டும். இதில் வரும் பார்டோக் என்ற வெள்ளை வௌவால், படத்தின் வில்லனான மந்திரவாதி ரஸ்புதினின் எடுபிடியாக இருந்தும் கெட்டவன் அல்ல. எசமானன் செய்வது தவறு என்று தெரிந்து, முணுமுணுத்துக்கொண்டே கூட வரும் கோழை. குரல் கொடுத்த ஹேங்க் அசேரியா அந்த முணுமுணுப்பை மிகவும் ரசித்துச் செய்திருக்கிறார். இளையவன் முதன்முதலாக ஒரு வௌவாலைப் பார்த்துச் சிரித்தது இங்கேதான். ஆயினும் செத்துப் போன ரஸ்புதினின் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் காட்சிகளை நான் ஓட்டிவிட வேண்டியிருந்தது. பார்டோக்குக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, அவனையே நாயகனாக்கி 1999-இல் வீடியோவுக்கென்று ஒரு தனிப்படம் எடுத்தார்கள். அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டோம். துணைப் பாத்திரமாக இருந்தபோது இருந்த சுவை நாயகனான பிறகு இல்லை.

இந்த இரண்டு படங்களையும் பார்த்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இவற்றில் வௌவால் ஒரு வேடம், அவ்வளவே. ஃபிட்ஜெட்டின் இடத்தில் ஒரு பெருச்சாளியையும் பார்டோக்கின் இடத்தில் ஒரு காக்கையையும் வைத்தாலும் கதையில் எழுத்து ஒன்று கூட மாறாது. அவை இருட்டில் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன, எதைத் தின்கின்றன, ஏன் தலைகீழாகத் தொங்குகின்றன என்ற எந்தக் கேள்விக்கும் அங்கே இடமில்லை. அச்சமூட்டும் உருவத்துக்குக் கோமாளித் தொப்பி அணிவித்தால் பிள்ளை ஒன்றரை மணி நேரம் சிரிக்கும். ஆனால் அந்தியில் மாடிக்குப் போனால் பழைய அச்சம் அங்கேயே காத்திருக்கும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. படம் முடிந்து மாடிக்குக் கூப்பிட்டால், "அது நல்ல வௌவால் அத்தை, இது வேற" என்றான் இளையவன்.

ரத்தம் குடிக்கும் விவகாரத்தை நேராகவே எடுத்துவிடுவது என்று மூன்றாம் நாள் 'ஹோட்டல் ட்ரான்சில்வேனியா'வைப் போட்டேன். கென்டி டார்டகோவ்ஸ்கி இயக்கி 2012-இல் வந்த இந்தப் படத்தை நான் எதிர்பார்த்ததைவிட மிகவும் ரசித்தேன். மனைவியை இழந்த டிராகுலா, மனிதர்களிடமிருந்து மகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பூதங்களுக்கென்றே ஒரு விடுதி கட்டி, நூற்றுப் பதினெட்டாம் பிறந்த நாள் வரைக்கும் அவளை வெளியே விடாமல் வளர்க்கிறான். பெண் பிள்ளையை வாசல் தாண்ட விடாத அப்பாக்களை நம் தெருவிலேயே பார்த்தவர்கள் என்பதால் எனக்கும் என் தம்பி மனைவிக்கும் பல இடங்களில் சிரிப்பு அடங்கவில்லை. மகள் மேவிஸ் வௌவாலாக மாறிப் பறக்கும் காட்சிகள் உண்மையான வௌவாலைப் போல இல்லாவிட்டாலும், பறப்பதில் உள்ள ஆனந்தத்தைக் காட்டிவிடுகின்றன. மேலும் இதில் வரும் டிராகுலா, மனித ரத்தம் கொழுப்பு மிகுந்தது, எங்கெங்கே இருந்து வந்ததோ தெரியாது என்று சொல்லி அதைத் தொடுவதே இல்லை. சுத்தம் பார்க்கும் எங்கள் பாட்டியின் குரல் எனக்குக் கேட்டது.

படம் முடிந்ததும் ரத்தக் கதையின் வேரைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ரத்தம் உறிஞ்சும் பேய்களைப் பற்றிய கதைகள் ஐரோப்பாவில் பழங்காலத்திலிருந்தே உண்டு. ஆனால் ஐரோப்பாவில் ரத்தம் குடிக்கும் வௌவால் ஒன்று கூடக் கிடையாது. அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஐரோப்பியர்கள் அங்கே மாடுகளின் ரத்தத்தை நக்கிக் குடிக்கும் சிறிய வௌவால்களைக் கண்டு, தங்கள் ஊர்ப் பேயின் பெயரை அவற்றுக்குச் சூட்டினார்கள். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவல் பேயையும் வௌவாலையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. (முதல் நாள் பார்த்த துப்பறியும் எலியின் கதையும் அதே 1897-ஆம் ஆண்டு லண்டனில்தான் நடக்கிறது என்பது தற்செயல்.) உலகத்தில் உள்ள ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட வௌவால் இனங்களில் ரத்தத்தை உண்டு வாழ்பவை மூன்றே மூன்று. மூன்றும் மெக்சிகோவிலிருந்து தெற்கே தென்னமெரிக்கா வரையில்தான் இருக்கின்றன. அவையும் மோசமானவை அல்ல. இரை கிடைக்காமல் பசியோடு திரும்பிய கூட்டாளிக்கு, வயிறு நிறைந்த வௌவால் தான் குடித்த ரத்தத்தைக் கக்கி ஊட்டும் என்பதை ஜெரால்டு வில்கின்சன் என்ற ஆய்வாளர் 1984-இல் எழுதியிருக்கிறார். "உவ்வே" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஆனால் அடுத்த நாள் காலையில் தன் தோசையில் பாதியைப் பிய்த்து அக்காள் தட்டில் போட்டுவிட்டு, "நான் வௌவால்" என்றான் இளையவன். அது தோசை பிடிக்காமல் செய்த தந்திரம் என்பதும் எனக்குத் தெரியும்.

'தி லெகோ பேட்மேன் மூவி' 2017-இல் வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தனியாக உட்கார்ந்து உணவைச் சூடாக்கிச் சாப்பிடும் வீரனைப் பற்றிய நல்ல கேலி அது. ஆனால் அதில் வௌவாலின் பெயரும் சின்னமும் மட்டும்தான் உண்டு என்பதால் இங்கே அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

பில் குரோயர் இயக்கி 1992-இல் வந்த 'ஃபெர்ன்கல்லி' வேறு வகை. ஆஸ்திரேலிய மழைக்காட்டை வெட்டிச் சாய்க்கும் இயந்திரத்துக்கும் காட்டில் வாழும் சிறு தேவதைகளுக்கும் நடக்கும் போராட்டம் கதை. அதில் பேட்டி என்ற பழந்தின்னி வௌவாலுக்கு ராபின் வில்லியம்ஸ் குரல் கொடுத்திருக்கிறார். அதே ஆண்டில்தான் அவர் அலாவுதீன் கதையின் பூதத்துக்கும் குரல் கொடுத்தார். இரண்டிலும் நிறுத்தாமல் கொட்டும் அந்தப் பேச்சு வெள்ளத்தை அடையாளம் கண்டுகொள்ளலாம். பேட்டி ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து தப்பி வந்தவன். அவன் மண்டையில் கம்பிகள் செருகப்பட்டிருக்கின்றன. அந்தக் கம்பி அவ்வப்போது கோளாறு செய்யும்போது, வானொலியில் நிலையம் மாறுவது போல அவன் குரலும் குணமும் மாறிவிடும். இதை வேடிக்கையாகத்தான் எடுத்திருக்கிறார்கள். பார்க்கும் குழந்தை முதலில் சிரிக்கும், பிறகு அந்தக் கம்பி எதற்கு என்று கேட்கும். எங்கள் வீட்டிலும் மூத்தவள் கேட்டாள். மனிதர்கள் ஏன் அதன் தலையில் கம்பி வைத்தார்கள் என்று. மனிதன் என்றாலே அவனுக்கு நடுக்கம் என்பதையும், அவன் பாடும் பாட்டு முழுவதும் மனிதர்கள் தன்னை என்னென்ன செய்தார்கள் என்ற பட்டியல்தான் என்பதையும் நான் நிறுத்தி விளக்கினேன். இத்தனை நாளும் நாம் வௌவாலைக் கண்டு பயந்த கதைகளையே பார்த்துவிட்டு, நம்மைக் கண்டு பயப்படும் வௌவாலைப் பார்த்தது பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தது. கரும்புகையும் எண்ணெயுமாக உருவெடுத்து வரும் வில்லன் சற்றே மிரட்டக் கூடியவன் என்பதை மட்டும் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

மரம் சாய்வது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல் டெல்டாவின் தென்பகுதி முழுவதும் தென்னையைத் துடைத்துப் போட்டபோது, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் என் நாத்தனார் வீட்டெதிரே நின்ற பெரிய ஆலமரமும் விழுந்தது. நான் போயிருந்த அன்று, அந்த மரத்து வௌவால்கள் பட்டப்பகலில் இடம் தெரியாமல் மின்கம்பிகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் படத்தில் மரம் விழும் ஓசை வந்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளிடம் சொல்லவும் சொன்னேன்.

இனி 'ஸ்டெல்லாலூனா'. ஜேனல் கேனன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1993-இல் வரைந்து எழுதிய குழந்தைக் கதையை 2004-இல் அசைவூட்டப் படமாக எடுத்தார்கள். திரையரங்குக்காக எடுத்ததன்று, வீட்டில் பார்ப்பதற்காக எடுத்தது. ஓவியத்தின் தரத்தில் மேலே சொன்ன பெரிய படங்களுக்குப் பக்கத்தில் கூட நிற்காது. புத்தகத்தில் உள்ள படங்களின் அழகு திரையில் இல்லை என்பதும் உண்மை. இருந்தும், இந்த வரிசையில் ஒரே ஒரு படம்தான் காட்ட நேரம் இருக்கிறது என்றால் நான் இதையே காட்டுவேன். ஏனென்றால் இதில்தான் வௌவால் வௌவாலாக இருக்கிறது.

ஆந்தை தாக்கியதால் தாயின் பிடியிலிருந்து நழுவி விழுந்த ஒரு பழந்தின்னிக் குட்டி, பறவைக் கூடொன்றில் வந்து சேர்கிறது. அங்கே அது பூச்சி தின்னப் பழக வேண்டும், இரவில் தூங்க வேண்டும், தலைகீழாகத் தொங்கவே கூடாது. தாய்ப் பறவையிடம் அப்படி வாக்குக் கொடுத்தால்தான் கூட்டில் இடம். அதற்கு முன்னே அந்தப் பறவைக் குஞ்சுகளும் ஆசைப்பட்டுக் குட்டியோடு சேர்ந்து தலைகீழாகத் தொங்கிப் பார்க்க, தாய் பதறிப் போய்த் திட்டுகிறது. அந்த இடத்தில் என் மாமியார் தாழ்வாரத்திலிருந்தே, "வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குங்கிறது இதுதாண்டி" என்று குரல் கொடுத்தார். விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே வறுமை என்ற பொருளில் சொல்லப்படும் பழமொழி இங்கே வேறு விதமாகப் பொருந்திற்று. பின்னர் அந்தக் குட்டி தன் இனத்தைக் கண்டடைகிறது. இருட்டில் தன் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது என்பதை அறிகிறது, மாம்பழத்தைச் சுவைக்கிறது, தாயோடு சேர்கிறது.

இதில் உள்ள இயற்கைச் செய்திகள் பெரும்பாலும் சரியானவை என்பதுதான் எனக்குப் பிடித்தது. பெரிய பழந்தின்னிகள் எதிரொலியைக் கொண்டு வழி அறிபவை அல்ல. அவை கண்ணையும் மூக்கையும் நம்புபவை. முகத்தைப் பார்த்தாலே தெரியும், அகன்ற கண்ணும் நீண்ட மூக்குமாக நரியின் சாயல் இருக்கும். கோயில் பிராகாரங்களிலும் மதகுகளின் அடியிலும் தங்கும் சின்னஞ்சிறு பூச்சியுண்ணும் வௌவால்கள்தாம் நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டுப் பறப்பவை. இருளடைந்த மண்டபங்களில் தங்கும் ஒரு வகைப் பழந்தின்னி மட்டும் நாக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பி இருட்டில் வழி பார்த்துக்கொள்கிறது. பழந்தின்னி பெரும்பாலும் ஒரு பேற்றில் ஒரே குட்டியைத்தான் ஈனும். சிறு குட்டியைத் தாய் மார்போடு ஒட்ட வைத்துக்கொண்டே பறக்கும். எனவே தாயிடமிருந்து குட்டி நழுவி விழுவது என்ற கதைத் தொடக்கமும் வெறும் கற்பனை அல்ல.

படம் முடிந்ததும் மூத்தவள் ஒரு கேள்வி கேட்டாள். "கூட்டில் தூங்கும்போது அதுக்கு மாம்பழம் கனவுல வந்திருக்குமா அத்தை?" இப்படி ஒரு கேள்விக்கு நம்மிடம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக விடை இருக்கிறது என்பதை நினைத்து எனக்கு மெய்சிலிர்த்தது. நற்றிணையின் எண்பத்தேழாம் பாடலில், நக்கண்ணையார், ஊருக்குள் உள்ள மாமரத்தின் உயர்ந்த கிளையில் தொங்கித் துயிலும் வௌவால் ஒன்றைக் காட்டுகிறார். 'முள் எயிற்று வாவல்' என்பது அவர் தரும் பெயர். முள்ளைப் போன்ற பல்லை உடைய அந்த வௌவால், மாமரத்தில் தூங்கிக்கொண்டே, போரில் வெல்லும் சோழருக்குரிய அழிசி என்பவனின் பெருங்காட்டில் உள்ள நெல்லிக்கனியின் புளிப்பைக் கனவில் சுவைக்கிறது. தலைவனோடு இருந்ததைக் கனவில் கண்டு விழித்த தலைவி, தன் கனவும் இப்படிப்பட்டதே என்று தோழியிடம் சொல்கிறாள். மாமரத்திலேயே தொங்கிக்கொண்டு நெல்லியைக் கனவு காணும் அந்த ஏக்கத்தை எந்த அசைவூட்டப் படமும் இன்னும் தொடவில்லை. அந்தப் பாட்டை நான் எளிமையாக்கிச் சொன்னபோது, "அப்போ அதுக்குக் கிட்ட இருக்குற மாம்பழம் பிடிக்கலையா?" என்று இளையவன் கேட்டான். உரையாசிரியர்கள் கூட இவ்வளவு நேராகக் கேட்டிருக்க மாட்டார்கள். வாயில் புளிப்பு ஊறினால் நெல்லிக்காய்தான் வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்த வார இறுதியில் பிள்ளைகளைத் திருவீழிமிழலைக்குக் கூட்டிப் போனேன். குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அது அருகிலுள்ள தலம். தமிழகத்துத் தச்சர்கள் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, திருவலஞ்சுழியின் கல் சன்னலான பலகணியையும் ஆவுடையார்கோயிலின் வளைந்த கூரை விளிம்பான கொடுங்கையையும் போல, திருவீழிமிழலை வௌவால் நெற்றி மண்டபத்தையும் தவிர்த்து மற்ற எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். பேச்சில் அதை வௌவால் நத்தி மண்டபம் என்பார்கள். நடுவில் ஒரு தூண் கூட இல்லாமல் வளைந்து நிற்கும் அந்தக் கூரையின் கீழ் நின்று, வௌவாலின் பெயரைப் பெருமையோடு தாங்கும் ஒரு மண்டபம் நம் ஊரில் இருக்கிறது என்று சொன்னபோது, பேய்ப் பங்களாவை மட்டுமே அறிந்த அந்தப் பிள்ளைகள் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்கள். இளையவன் அங்கே வௌவால் இருக்கிறதா என்று தேடினான். பயத்தால் தேடினானா ஆசையால் தேடினானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆவணப் படம் ஒன்றும் காட்டினேன். பி.பி.சி. 2006-இல் வெளியிட்ட 'பிளானட் எர்த்' தொடரில் குகைகளைப் பற்றிய பகுதியில், போர்னியோவின் மான் குகையிலிருந்து இலட்சக்கணக்கான வௌவால்கள் மாலையில் புகைச்சுருள் போல வெளியேறும் காட்சி இருக்கிறது. அது எந்தக் கற்பனைப் படத்தையும் தோற்கடிக்கும். ஆனால் அடுத்து வரும் எச்ச மலையும் அதன்மேல் மொய்க்கும் கரப்பான் பூச்சிகளும் சாப்பாட்டு வேளைக்கு ஏற்றவை அல்ல. அந்த எச்சத்தைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர், வயலுக்கு அதைவிட நல்ல எரு கிடையாது என்று பேசத் தொடங்கிவிட்டார். எரு மட்டும் அல்ல, தாய்லாந்தில் இதே வகை வௌவால்கள் நெற்பயிரைத் தாக்கும் வெண்முதுகுத் தத்துப்பூச்சிகளைத் தின்று தீர்க்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், நெல்லைக் கருக்கும் புகையான் பூச்சிக்கும் ஏதாவது வௌவால் உண்டா என்று அவர் கேட்டார்.

நம் மொழியில் பிள்ளைகளுக்கென்று ஒரு வௌவால் படம் எடுக்க வேண்டும் என்றால் கதைக்குப் பஞ்சமில்லை. மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் பிடித்த ஒரு வௌவால், வேறு சாதாரண இனம் என்று பெயர் எழுதப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருபத்து நான்கு ஆண்டுகள் கிடந்தது. கிட்டி தொங்லொங்யா என்ற தாய்லாந்து அறிஞர் 1972-இல் அதை எடுத்துப் பார்த்து, உலகம் அதுவரை அறியாத இனம் இது என்று கண்டு, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். அலமாரிக்குள் தப்பான பெயரோடு காத்திருக்கும் ஒரு வௌவாலைவிட நல்ல நாயகன் எங்கே கிடைப்பான்? அதே 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ, பழந்தின்னி வௌவால்களைக் காக்கை, எலிகளோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலே 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கிற்று. இந்த ஐம்பது ஆண்டுகளில் சட்டம் எப்படியிருந்தாலும், வௌவால்கள் தங்கும் மரத்துக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்துகொண்டுதான் இருந்தன. அப்படி ஓர் ஊரில் முதல் தீபாவளியைக் கழிக்க நேரும் நகரத்துச் சிறுவனைக் கொண்டே படத்தைத் தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, அணிலும் வௌவாலும் கடித்த பழம்தான் இனிக்கும் என்று தேடிப் பொறுக்கித் தின்றோம். இப்போது அதைச் செய்யக் கூடாது. 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா நோய் பரவிய பிறகு, பழந்தின்னிகள் கடித்துப் போட்ட பழத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். வௌவாலைத் துரத்துவதும் மரத்தை வெட்டுவதும் அதற்கு வழி அல்ல, பழத்தைக் கழுவித் தின்பதும் கடிபட்டதை எறிவதும்தான் வழி. இலுப்பைக் கொட்டையின் கதை வேறு. சதையைத் தின்றுவிட்டு வௌவால்கள் உதிர்க்கும் கொட்டைகளைக் காலையில் கூட்டிப் பெருக்கி எண்ணெய் ஆட்டித்தான் எங்கள் பிள்ளையாருக்கு நெடுங்காலம் விளக்கு எரிந்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, மூத்தவள் படம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு நோட்டோடு மாடியில் உட்கார்ந்து, புறப்படும் வௌவால்களை எண்ணத் தொடங்கினாள். நூற்று நாற்பது வரை எண்ணினாள், அதற்குள் இருட்டிவிட்டது. ஒரு வௌவால் தாழப் பறந்தபோது அதன் மார்பில் குட்டி ஒட்டியிருந்ததாகச் சொல்லி, அதற்கு 'ஸ்டெல்லா' என்று பெயரும் வைத்தாள். எனக்கு எதுவும் தெரியவில்லை, என் கண்ணாடியின் கோளாறாக இருக்கலாம். இளையவனும் மாடிக்கு வந்தான். ஆனால் தலையில் அவன் தாத்தாவின் ஈரிழைத் துண்டைச் சுற்றிக் காதோடு இறுக்கிக் கட்டியிருந்தான். ரத்தம் குடிக்காது என்பதை அவன் நம்பிவிட்டான். ஆனால் வௌவால் முடியில் சிக்கினால் எடுக்கவே முடியாது என்று எதிர்வீட்டுப் பையன் புதிதாக ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறான்.